கங்கல் நாய்க்குட்டிக்கு ஏற்ற இடம்
கங்கல் என்பது துருக்கியின் சிவாசு மாகாணத்தில் ஆட்டுமந்தைகளைக் காத்துவரும் பெரிய நாயினம் ஆகும். வளர்ந்த ஆண் நாய் ஏறத்தாழ 50 கிலோ எடை இருக்கும். நமீபியாவில் ஆடுகளைக் கொல்லும் சிவிங்கிப்புலிகளைப் பண்ணையாளர்கள் சுட்டுவந்தனர். இதைக் குறைக்க, சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அனத்தோலிய, கங்கல் குட்டிகளைப் பண்ணைகளுக்கு வழங்குகிறது.

குட்டியைச் சில வார வயதிலேயே பட்டியில் விட வேண்டும். ஆடுகளோடு உறங்கிப் பழகினால்தான் அவற்றைத் தன் கூட்டமாக ஏற்கும். வீட்டுக்குள் செல்லமாக வளர்ந்தால் மந்தையை விட்டு வாசலில் படுத்துவிடும். விளையாட்டுப் பருவத்தில் ஆட்டுக்குட்டிகளைத் துரத்திக் கடிப்பதும் உண்டு. அப்போது அடிக்காமல் திருத்தும் பொறுமையான மேய்ப்பர் தேவை. உண்மையில், பண்ணையின் பரப்பைவிட அவரே முக்கியம். இரவெல்லாம் குரைப்பது இதன் வேலை என்பதால் அடுக்ககங்களுக்குப் பொருந்தாது. பராமரிப்பு மோசமான பண்ணைகளிலிருந்து நாய்கள் திரும்பப் பெறப்பட்டதும் உண்டு.