ஏரியும் வாரியமும்

நுழையும்முன்

நீரைத் தேக்கக் கரை வேண்டும். கரையைக் காக்க ஆள் வேண்டும். ஆளை நெறிப்படுத்த விதி வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே பெற்றிருந்த ஊர் உத்திரமேரூர். அவ்வூர் ஏரியின் வரலாறு, நீர் மேலாண்மையின் வரலாறாகவும் ஊராட்சியின் வரலாறாகவும் விளங்குகிறது.

மழையும் ஏரியும்

தொண்டை மண்டலத்து ஆறுகளான பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணற்பரப்பாகக் காட்சியளிப்பவை. எனவே, சில வாரங்களில் பெய்து முடியும் மழையைப் பல மாதங்களுக்குச் சேமித்து வைக்கும் தேவை இப்பகுதி மக்களுக்கு இருந்தது. அத்தேவையின் விளைவே ஏரிகள். உத்திரமேரூரின் பேரேரியைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் ‘வைரமேகத் தடாகம்’ எனக் குறிப்பிடுகின்றன.

ஏரியின் உறுப்புகள்

தாழ்வான பக்கத்தில் மண்ணால் கரை எழுப்பி, மேட்டு நிலத்திலிருந்து வரும் நீரைத் தடுத்து நிறுத்துவதே ஏரியின் அடிப்படை அமைப்பாகும். வரத்துக்கால்வாய் நீரைக் கொண்டுவரும். மதகு வேண்டிய அளவு நீரை வயலுக்குத் திறந்துவிடும். கலிங்கு மிகுதியான நீரை வெளியேற்றிக் கரை உடையாமல் காக்கும். கலிங்கு வழியே வெளியேறும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஓர் ஏரி நிறைந்தபின் மற்றோர் ஏரி நிறையும் ஏரித் தொடர்கள் தமிழகத்தில் பல உருவாயின.

நீரோடு வண்டலும் வந்து சேரும். அதனை அகற்றாவிடில் ஏரியின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும். ஆதலால், ஏரியை வெட்டுவதைப் போன்றே அதனைத் தூர்வாருவதும் அறமாகக் கருதப்பட்டது. வைரமேகத் தடாகத்தைப் பராமரிப்பதற்காக அளிக்கப்பட்ட கொடைகளைக் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன.

ஏரி வாரியம்

முதலாம் பராந்தகச் சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவ்வூர்ச் சபை இயற்றிய விதிகள் கல்லில் பொறிக்கப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் பணியாற்றினர். பதவிக்காலம் 360 நாள்கள்.

முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது என்பது இவ்விதிகளுள் தலையாயது. பதவியில் இருக்கும்போது குற்றம் காணப்பட்டவர் உடனே நீக்கப்பட்டார். பொதுநீரைக் காப்பவர் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்னும் கோட்பாடு இதனால் புலனாகிறது.

எனினும், இச்சபை பிராமணர் குடியிருப்பான சதுர்வேதிமங்கலத்தின் சபையாகும். நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவரே அதில் இடம்பெற்றனர். ஏரி நீரால் வாழ்ந்த உழைப்பாளர்க்கும் பெண்களுக்கும் அதில் பங்கில்லை. எல்லார்க்கும் வாக்குரிமை என்னும் இன்றைய மக்களாட்சியை அன்றைய முறையோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இன்றைய தேவை

பாசனத்திற்காக அமைந்த செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னை மாநகரின் தாகம் தீர்க்கிறது. 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே நகருக்கு நீர் கொண்டுசெல்லப்படுகிறது. ஆயினும், 2019ஆம் ஆண்டுக் கோடையில் இந்நீர்நிலைகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிகளுக்குக் காத்திருக்க நேர்ந்தது. நீரைக் கொண்டுவரும் நுட்பம் வளர்ந்துள்ளது. ஆனால், வண்டல் படிவதும் வரத்துக்கால்வாய் அடைபடுவதும் மாறவில்லை. ஏரியைக் கட்டுதல் ஒருமுறை செய்யும் பணி. அதனைக் காத்தல் ஒவ்வொரு தலைமுறையும் செய்யவேண்டிய கடமை. அக்கடமையை விதியாக்கிக் கல்லில் எழுதிவைத்ததே உத்திரமேரூரின் பெருமையாகும்.