நிபா வைரஸ்: வௌவாலிடமிருந்து மனிதருக்குப் பரவுவது எப்படி?

கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 2018 மே மாதம் 17 உயிர்களைப் பறித்த நிபா வைரஸ், அதன் பின்னர் 2019, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அம்மாநிலத்தில் கண்டறியப்பட்டது. பழந்தின்னி வௌவால்களே இந்த வைரஸின் இயற்கை உறைவிடம். வௌவால்களுக்கு இது நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் அவற்றின் உமிழ்நீர், சிறுநீர் வழியாக வெளியேறிப் பிற உயிரினங்களை எட்டுகிறது.

பன்றி வழியாக...

மலேசியாவில் 1998-99இல் இந்த வைரஸ் முதன்முறையாக அடையாளம் காணப்பட்டது. பண்ணைகளை ஒட்டிய பழ மரங்களில் வௌவால்கள் கடித்துப்போட்ட பழங்களைத் தின்ற பன்றிகளுக்குத் தொற்று ஏற்பட்டு, அங்கிருந்து பண்ணைத் தொழிலாளர்களுக்குப் பரவியது. 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்ட சுங்கை நிபா கிராமத்தின் பெயரே வைரஸுக்குச் சூட்டப்பட்டது.

ஈச்ச மரச் சாறு வழியாக...

வங்கதேசத்தில் இடையே வேறு விலங்கு ஏதுமின்றி மனிதருக்கு நேரடியாகப் பரவியது. அங்கு குளிர்காலத்தில் ஈச்ச மரங்களில் இரவு முழுவதும் பானை கட்டிச் சாறு இறக்குவர். அதனை அருந்த வரும் வௌவால்களால் சாறு மாசடைகிறது. காய்ச்சாமல் பருகுவோருக்குத் தொற்றுகிறது. சாறு வடியும் பகுதியை மூங்கில் தட்டியால் மறைப்பது வௌவால்களைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

மருத்துவமனையில் பரவல்

நோயாளியின் உடல் திரவங்கள் மூலம் பிறருக்கும் இது பரவும். மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 2001இலும், கோழிக்கோட்டில் 2018இலும் மருத்துவமனைகளிலேயே பலருக்குத் தொற்று ஏற்பட்டது. எனவே, காரணம் தெரியாத மூளைக்காய்ச்சலுடன் வருவோரைத் தொடக்கத்திலேயே தனிமைப்படுத்துவதும், முகக்கவசம், கையுறை அணிந்து சிகிச்சை அளிப்பதும் இன்றியமையாதவை.

வௌவால்களை அழிப்பது தீர்வாகுமா?

ஆகாது என்பதே வல்லுநர்களின் கருத்து. வாழிடத்தை இழக்கும் வௌவால்கள் சிதறி, உணவு தேடிக் குடியிருப்புகளை நெருங்கக்கூடும். மகரந்தச் சேர்க்கைக்கும் விதைப் பரவலுக்கும் அவை உதவுகின்றன.

செய்ய வேண்டியவை

இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. இறப்பு விகிதம் 40 முதல் 75 சதவீதம் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. கடித்த தடம் உள்ள பழங்களைத் தவிர்க்க வேண்டும். மற்றவற்றைக் கழுவித் தோல் நீக்கி உண்ண வேண்டும். திறந்த பானையில் இறக்கிய சாற்றைக் காய்ச்சாமல் பருகக்கூடாது. காய்ச்சல், தலைவலியுடன் மனக்குழப்பம் தோன்றினால் உடனடியாக மருத்துவமனையை நாட வேண்டும்.