நம்பிக்கையில்லாப் பிரேரணையும் நேரு சர்க்காரும்

சுதந்திர பாரதத்தின் லோக்சபையில் ஒரு மந்திரிசபையின் மீது முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணை, 1963 ஆகஸ்டு மாதத்தில் ஆசார்ய கிருபளானி அவர்களால் ஜவஹர்லால் நேருவின் சர்க்காரை எதிர்த்துப் பிரேரேபிக்கப்பட்டது. நான்கு நாட்கள் நடந்த விவாதத்தின் முடிவில் 62 பேர் அதை ஆதரித்தும் 347 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். 1962 தேர்தலில் 494 ஸ்தானங்களுள் 361ஐக் காங்கிரஸ் கைப்பற்றியிருந்தபடியால் இந்த முடிவு எவருக்கும் ஆச்சரியம் அளிக்கவில்லை; ஆனால் நேரு சர்க்காருக்கு நியாயம் இருந்தது என்று நான் கருதுவது வாக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அல்ல.

எதிர்த்தரப்பின் மனத்தாங்கலுக்குத் தக்க காரணம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். முந்தைய வருஷம் சீனப் படை எல்லையைக் கடந்து வந்தபோது நமது ராணுவம் போதிய ஆயத்தமின்றி இருந்ததும், பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்ததும் தேசத்தின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தன. யுத்தச் செலவை ஈடுகட்ட நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் விதித்த கட்டாய டெபாசிட் திட்டம் சொற்ப வருமானக்காரர்களையும் வாட்டியது. புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்ற தங்கக் கட்டுப்பாட்டால், தலைமுறை தலைமுறையாக நகை செய்து பிழைத்த பத்தர்கள் ஊதுகுழலை மூலையில் சார்த்திவிட்டு வேறு தொழில் தேட வேண்டியதாயிற்று. இவற்றையெல்லாம் சபையில் எடுத்துரைப்பது எதிர்க்கட்சியின் கடமை. அதில் குறை காண்பதற்கில்லை.

ஆயினும் நம்பிக்கையில்லாப் பிரேரணை என்பது குறைகளைச் சொல்லும் மனு மாத்திரம் அன்று. இந்த மந்திரிசபை போகட்டும், அதன் ஸ்தானத்தில் நாங்கள் அமருகிறோம் என்று ஒரு தரப்பார் ஜனங்களிடம் கொடுக்கும் வாக்குறுதியும் அதில் அடங்கியிருக்கிறது. கூரையைப் பிரிக்கச் சொல்கிறவர் மழைக்கு எங்கே ஒதுங்குவது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1949இல் மேற்கு ஜெர்மனி வகுத்துக்கொண்ட அரசியல் சட்டம் இந்தத் தத்துவத்தை விதியாகவே ஆக்கியது: புதிய சான்சலரைப் பெரும்பான்மையால் தேர்ந்தெடுத்தாலொழியப் பழைய சான்சலரை அந்நாட்டுப் பார்லிமெண்டு நீக்க முடியாது. ஹிட்லருக்கு முந்திய காலத்தில், இடிப்பதற்கு மட்டும் ஒன்றுசேர்ந்த கட்சிகளால் அவர்கள் பட்ட அவஸ்தையின் பலன் அது.

அந்த உரைகல்லில் 1963ஆம் வருஷத்து எதிர்த்தரப்பைத் தேய்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? ராஜாஜி 1959இல் ஸ்தாபித்த சுதந்திராக் கட்சி, சர்க்கார் தொழில்துறையிலிருந்து ஒதுங்க வேண்டும், அணிசேராமையைக் கைவிட்டு மேல்நாடுகளுடன் நெருங்க வேண்டும் என்றது. சோஷலிஸ்டான டாக்டர் லோகியாவோ சர்க்காரின் சோஷலிசம் போதாது, செல்வர்களின் செலவுக்கு வரம்பு கட்ட வேண்டும், இங்கிலீஷை ஆட்சியிலிருந்து அகற்ற வேண்டும் என்றார். அந்த இங்கிலீஷ் நீடிக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் தலையாயவர் ராஜாஜி. தனித்தனியே பார்த்தால் இவர்களுள் பலர் தெளிந்த கொள்கையுடைய உத்தமர்கள். சேர்த்துப் பார்க்கும்போதோ ஒருவர் கொள்கை மற்றவர் கொள்கையை அழித்துவிட, எஞ்சி நிற்பது நேருவின்மீது கொண்ட வெறுப்பு ஒன்றுதான். நேருவும் தம் பதிலுரையில் இதையே சுட்டிக்காட்டினார். பிரேரணையைத் தாம் வரவேற்பதாகவும், இத்தகைய சோதனை அவ்வப்போது நடப்பது நல்லது என்றும் சொன்னார்.

மறுதட்டில் வைப்பதற்கு சர்க்காரிடம் பிரத்தியட்சமான காரியங்கள் இருந்தன. சுதந்திரத்தின் சமயம் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேரைப் பீடித்த மலேரியா, வீடு வீடாக மருந்து தெளித்ததன் பயனாக, அறுபதுகளின் முற்பகுதியில் சுமார் ஒரு லட்சம் பேர் அளவுக்கு ஒடுங்கியிருந்தது. ஜனங்களின் சராசரி ஆயுள் 32லிருந்து 41க்கு உயர்ந்தது. பத்து வருஷங்களில் தானிய விளைச்சல் 5 கோடி டன்னிலிருந்து 8 கோடி டன்னாகப் பெருகிற்று. பிலாயில் ரஷ்யாவும், ரூர்கேலாவில் மேற்கு ஜெர்மனியும், துர்காப்பூரில் பிரிட்டனும் உருக்காலை அமைக்க உதவின. இரண்டு முகாம்களையும் சேர்ந்த நாடுகளிடம் ஒரே சமயத்தில் உதவி பெற்ற இந்த ஒன்றே அணிசேராமைக்குப் போதிய சாட்சி என்பேன். நம் பக்கத்தில் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கமும் அக்காலத்தில் எழுந்தவையே.

அந்த விவாதத்தில் சர்க்காரை உண்மையாகவே திணற அடித்த வாதம் ஒன்று உண்டு. தேசத்தில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் ஜீவிக்கிறார்கள் என்றார் லோகியா; நேரு பதினைந்து அணா என்று மறுத்தார். பதினைந்து அணா என்பது செல்வரையும் ஏழையையும் கூட்டி வகுத்த சராசரி; லோகியா பேசியதோ கீழ்ப்படியில் இருந்த ஜனங்களைப் பற்றி. மூன்று அணா மிகையான கணக்கு என்றாலும் கேள்வி நியாயமானது. சராசரியைக் காட்டி அதற்குப் பதில் சொல்லியிருக்கலாகாது. ஆனால் பெருகிய தேசிய வருமானம் யார் கையில் போய்ச் சேருகிறது என்ற அதே கேள்வியை 1960லேயே சபையில் எழுப்பி, அதை ஆராயப் பேராசிரியர் மஹலநோபிஸ் தலைமையில் கமிட்டி அமைக்கச் செய்தவரும் நேருதான் என்பதை மறக்கலாகாது. தன் குறையைத் தானே தோண்டிப் பார்க்கத் துணிந்த சர்க்கார் என்ற மதிப்பை இதற்காக நான் அதற்கு அளிக்கிறேன்.

வாக்கெடுப்பில் வென்ற பிறகும் அந்தச் சர்க்கார் பிடிவாதம் பிடிக்கவில்லை. பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜரின் திட்டத்தின்படி அந்த ஆகஸ்டு மாத முடிவுக்குள் ஆறு மத்திய மந்திரிகள் விலகினார்கள். மொரார்ஜி தேசாய் அவர்களுள் ஒருவர். அவருக்குப் பின் நிதி இலாகாவை ஏற்ற டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கட்டாய டெபாசிட் திட்டத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டுத் தங்கக் கட்டுப்பாட்டின் கடுமையையும் தளர்த்தினார்.