வண்ணப்பந்தாட்டமும் எளியோர் கைப்பொருளும்

விழா மலரில் விளையாட்டுப் பற்றி எழுதப் புகுவோர் துடுப்பாட்டத்தையோ உதைபந்தாட்டத்தையோ எடுத்துக்கொள்வதே மரபு. யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அவ்விரண்டும் அன்று. மாணவர் சிலர் அண்மைக் காலமாக ஆர்வத்தோடு வினவிவரும் ‘பெயின்ற்போல்’ என்னும் ஆட்டமாகும். இதனைத் தமிழில் வண்ணப்பந்தாட்டம் எனலாம். “அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம், நமக்கு எட்டாது” என்பதே அம்மாணவர்க்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடையில் பாதியே உண்மை. இவ்வாட்டத்தில் பணம் எவ்விடத்திற் கரைகின்றது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதை விளக்கின் மற்றைப் பாதி தானே வெளிப்படும்.

ஆட்டத்தின் இயல்பை முதலிற் கூறுவாம். இரு கட்சியினர் மறைப்புகள் நிறைந்த ஒரு களத்தில் எதிரெதிரே நின்று, எதிர்க்கட்சியின் கொடியைக் கவர முயல்வர். ஒவ்வொருவர் கையிலும் ‘மாக்கர்’ எனப்படும் கருவி ஒன்று இருக்கும். அது அமுக்கப்பட்ட வாயுவின் விசையால் ஒரு சிறு பந்தைச் செலுத்தும். பந்தின் விட்டம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர்; நிறை மூன்று கிராம் அளவு. மருந்துக் குளிகைகளைப் போலவே ஜெலற்றின் உறையினுள் நீரிற் கழுவப்படும் சாயக் குழம்பு அடைக்கப்பட்டிருக்கும். பந்து உடலிற் பட்டு உடைந்து கறை படிந்தால் அவ்வாட்டக்காரர் களத்தை விட்டு நீங்கவேண்டும். அதன் வேகம் செக்கனுக்கு 300 அடியை விஞ்சக்கூடாது என்பது எங்கும் வழங்கும் விதி. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மாக்கரையும் வேகமானியால் அளந்தே களத்துள் விடுவர்.

இவ்வாட்டம் பிறந்த வரலாறு சுவையானது. நமது பொருளுக்கு மிக வேண்டப்படுவதும் ஆகும். 1970-களில் அமெரிக்காவின் நெல்சன் பெயின்ற் கம்பனி, வெட்டவேண்டிய மரங்களையும் பிரித்துவைக்க வேண்டிய மாடுகளையும் தொலைவில் நின்றே அடையாளமிடுவதற்காக ஒரு கருவியை விற்றுவந்தது. ‘மாக்கர்’ என்ற பெயரின் பொருள் அதுவே: அடையாளமிடுவது. நகரத்தில் வாழ்பவன் காட்டில் விடப்பட்டாற் பிழைப்பானா, நாட்டுப்புறத்தான் பிழைப்பானா என்று எழுத்தாளர் சாள்ஸ் கெயின்ஸ் என்பாரும் பங்குச் சந்தையிற் பணிபுரிந்த ஹேய்ஸ் நோயல் என்பாரும் நெடுநாள் வாதிட்டு வந்தனர். வாதத்தைத் தீர்க்கும் பொருட்டு, பொப் கேர்ன்சி என்னும் நண்பரும் சேர்ந்து விதிகளை வகுக்க, 1981 ஆம் ஆண்டு யூன் 27 ஆம் திகதி நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஹெனிக்கர் என்னும் ஊரின் காட்டிற் பன்னிருவர் தனித்தனியே களம் இறங்கினர். காட்டில் ஆங்காங்கு வைக்கப்பட்ட கொடிகளைத் தம்மேற் கறை படாமற் சேர்த்து வருபவரே வென்றவர். வென்றவர் றிச்சி வைற் என்னும் வனத்தொழிலாளர். அவர் அன்று ஒரு பந்தேனும் சுடவில்லை! ஓசையின்றி நடந்து, மரங்களுக்கிடையே மறைந்து, கொடிகளை எடுத்து மீண்டார்.

ஒரு பந்தும் செலவாகாமல் வெல்லக்கூடியதாயிருந்த ஆட்டம், பெட்டி பெட்டியாகப் பந்து கரையும் ஆட்டமாக மாறியது எங்ஙனம்? தொடக்ககாலக் கருவிகளில் ஒவ்வொரு பந்துக்கும் ஒருமுறை கையால் விசையை இழுத்து விடவேண்டும். பின்னர்த் தானே அடுத்த பந்தை ஏற்றிக்கொள்ளும் கருவிகள் வந்தன. 1990-களின் பிற்பகுதியில் மின்கலத்தால் இயங்கும் மாக்கர்கள் வந்தன. காட்டுக்குப் பதிலாகக் காற்றடைத்த மறைப்புகள் வைத்த சிறு புற்றரைகள் போட்டிக் களங்களாயின. போட்டிச் சங்கங்களே ‘செக்கனுக்கு இத்தனை பந்துக்கு மேலாகாது’ என்று வரம்பு விதிக்க நேர்ந்தது. அவ்வரம்பும் பத்துப் பந்து என்னும் அளவில் நின்றது.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பந்துகள் வழக்கமாக 2000 கொண்ட பெட்டியாக விற்கப்படும். செக்கனுக்குப் பத்து வீதம் ஓயாது சுட்டால் ஒரே ஆட்டக்காரர் அப்பெட்டியை மூன்று நிமிடம் இருபது செக்கனிற் காலிசெய்துவிடலாம். அதே பெட்டியை, கையால் இழுக்கும் மாக்கரோடு, ஆட்டமொன்றுக்கு ஆளுக்கு 25 பந்து என்று பங்கிட்டால், ஐவர்க்கு ஐவர் பொருதும் எட்டு ஆட்டங்கள் நடத்தலாம். நாற்பது மாணவர் ஆளுக்கு இருமுறை களம் காண்பர். கருவியின் விலையை எண்ணி மலைப்போர் இக்கணக்கை எண்ணுவதில்லை. கருவி ஒருமுறை வாங்கப்படுவது. பந்தோ ஆடுந்தோறும் வாங்கப்படுவது. எனவே இவ்வாட்டத்தின் விலையை நிருணயிப்பது கடைக்காரர் அல்லர். விதிகளை வகுப்போரே ஆவர்.

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. தோற்பந்துத் துடுப்பாட்டத்துக்கு மட்டை, காற்காப்பு, கையுறை, தலைக்கவசம், சீரான ஆடுதரை என்று எத்தனை செலவு! ரெனிஸ் பந்தை எடுத்துக்கொண்டால் அவற்றுள் ஒன்றும் வேண்டியதில்லை. பந்தை மாற்றினர், செலவு முழுவதும் உதிர்ந்தது. காலிக்கு அண்மையிலுள்ள ரத்கம என்னும் ஊரில் அவ்வாறு மென்பந்தில் ஆடி வளர்ந்த லசித் மாலிங்க 2007 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெற்றுகளை வீழ்த்தியதை அறியாதார் இலர். எளிய வடிவம் இழிந்த வடிவம் அன்று. அது வாயில்.

வண்ணப்பந்தாட்டத்திலும் அத்தகைய வாயில் உண்டு. கையால் இழுக்கும் மாக்கர், பத்துப் பந்துகள் கொள்ளும் குழாய், 12 கிராம் வாயுக்குப்பி என்னும் மூன்றோடு நின்று ஆடும் பழைய முறையை மேனாட்டார் இன்றும் கைவிடவில்லை. சுடுவதற்குமுன் எண்ணிப்பார்க்கும் பழக்கம் அம்முறையில் ஆடுவோர்க்குத் தானே அமையும். எதிரியை மறைப்பினின்று தலைதூக்கவிடாமல் பந்து மழை பொழிவது ஒரு திறமை என்பதை மறுக்கமாட்டோம். ஆயின், அது பணம் உள்ளவர்க்கு முதலிற் கைவரும் திறமை. நகர்தல், மறைதல், தோழனோடு குரலாற் பேசி ஒருங்கியங்குதல் ஆகியனவோ எவர்க்கும் கைவரும். பின்னாளிற் பெரும்போட்டிக்குச் செல்வோர்க்கும் அவையே அடிப்படை.

வாயுவின் செய்தியையும் சிறிது விளக்கவேண்டும். அமுக்கிய காற்றை அடைக்கும் அலுமினியப் புட்டிகள் சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல் அமுக்கம் தாங்குவன. அவற்றை நிரப்பத் தனி இயந்திரம் வேண்டும்; சுழியோடிகளின் காற்றுப்புட்டிகளை நிரப்பும் இயந்திரம் திருகோணமலை, ஹிக்கடுவை போன்ற கடலோர ஊர்களில் உண்டெனினும் கண்டிக்குக் கடல் இல்லை. 12 கிராம் குப்பியோ ஒருமுறை பயன்படுத்தி எறிவது. அச்சிறு செலவு நாளடைவிற் பெருஞ்செலவாகும். மீள நிரப்பக்கூடிய காபனீரொட்சைட்டுப் புட்டியே எமக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. தீயணைப்புக் கருவிகளுக்கு வாயு நிரப்புவோரிடமும் சோடா செய்வோரிடமும் புழங்கும் வாயு அதுவே. குளிர்நாட்டில் அதன் அமுக்கம் தாழ்ந்து தொல்லை தரும் என்பர். கண்டி மாநகரில் உறைபனி பெய்வதில்லையாதலின் அக்கவலை நமக்கு வேண்டா. எந்தப் புட்டியாயினும் உரிய காலத்தில் அமுக்கச் சோதனைக்கு உட்படுத்துதல் கடமை.

இனி, சிக்கனம் புகக்கூடாத ஓரிடம் உண்டு. அது முகக்காப்பு. செக்கனுக்கு 300 அடி விரையும் பந்து முதுகிற் பட்டாற் கன்றும். கண்ணிற் பட்டாற் பார்வை போகும். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்கவசமும் பட்டறைக் கண்ணாடியும் இதற்கு ஈடாகா. இவ்வாட்டத்துக்கென்றே சோதிக்கப்பட்டு, ஏ.எஸ்.ரி.எம். எஃப் 1776 என்னும் தரக்குறி பொறித்த முகக்காப்பே வேண்டும். அதிலும் ஈரக்காற்றுள்ள நம் ஊருக்கு ஆவி படியாத இரட்டைக் கண்ணாடி கொண்டது நன்று. களத்துள் நிற்கும் எவரும், நடுவராயினும் பார்வையாளராயினும், எக்காரணம்பற்றியும் அதனைக் கழற்றலாகாது. பன்னிரண்டு மாக்கர் வாங்கப் பணமிருந்து பத்து முகக்காப்புக்கே பணம் எஞ்சினால், களத்தில் இறங்கத்தக்கோர் பதின்மரே.

பந்துகளைப் பற்றி ஒரு செய்தி. ஜெலற்றின் உறை ஈரத்தை உறிஞ்சும். இரு பருவ மழையும் காணும் கண்டியிற் பெட்டியைத் திறந்து வைத்தாற் பந்துகள் பருத்தும் நெளிந்தும் குழாயிற் சிக்கிப் பாழாகும். மலிவு கருதி ஓராண்டுக்கு வேண்டியதை ஒருங்கே வாங்குவோர் மலிவைக் காணமாட்டார். சில கிழமைகளுக்கு வேண்டிய அளவை வாங்கி, காற்றுப் புகாத பெட்டியிற் குளிர்ந்த அறையில் வைத்துக்கொள்வதே முறை. இவையெல்லாம் இறக்குமதிப் பொருள்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 2022 ஆம் ஆண்டில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது இறக்குமதிப் பொருள்கள் என்னவாயின என்பதை நாம் எல்லாரும் அறிவோம். சிறுவர்க்கென 12.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய பந்தும் அதற்குரிய மாக்கரும் உள்ளன. அடி மெல்லியது, பெட்டியும் இலேசானது. மீண்டும் மீண்டும் பயன்படும் றப்பர்ப் பந்துகளும் உண்டு. ஆயின் நம் சரிவுகளில் அவற்றைப் பொறுக்கி முடிப்பதற்குள் பாதி தலாத்துஓயாவை நோக்கி உருண்டுவிடும் என அஞ்சுகின்றோம்.

சரிவு என்றவுடன் அம்பிட்டிய நினைவுக்கு வருகின்றது. கண்டியிலிருந்து வளைந்து ஏறும் தெருவின் இருமருங்கும், பழைய குருமடம் நிற்கும் குன்றைச் சூழ்ந்தும், சமதரை அரிது. துடுப்பாட்டத்துக்கோ உதைபந்தாட்டத்துக்கோ தரை தேடுவோர் ஏமாற்றமடைவர். சமதரை வேண்டாத ஆட்டத்துக்கு அச்சரிவே செல்வம். முதல் ஆட்டம் நடந்தது காட்டில் என்பதை மறவற்க. காற்றடைத்த மறைப்புகளின் விலையை எண்ணவே வேண்டா. மூங்கிலும், கிடுகும், பொச்சு அடைத்த சாக்கும் அவ்வேலையைச் செய்யும். பழைய ரயர்களை அடுக்குவோமா எனச் சிலர் கேட்பர். மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும் ஆதலின் கூடாது. களத்தின் எல்லையில் உயரமான வலை கட்டுதலும், தெருவையும் வீடுகளையும் நோக்கிச் சுடாதவாறு களத்தின் திசையை அமைத்தலும் இன்றியமையாதன.

பணத்தினும் பெரிய தடை ஒன்றுண்டு. மாக்கரின் தோற்றம் துவக்கின் தோற்றம். 1983 முதல் 2009 வரை இந்நாடு கண்ட போரில் உற்றாரை இழந்த பெற்றோர், தம் மகன் அத்தகைய ஒன்றைக் கையிலேந்தி வருவதைக் கண்டு நெஞ்சு பதறினால், அவர்களை நகைத்தல் தகாது. அவர்தம் மனம் ஒப்பாதவிடத்து அப்பிள்ளையைக் களத்துக்கு அழைத்தலும் தகாது. சட்டமும் உண்டு. சுடுகலன்கள் பற்றிய கட்டளைச்சட்டம் 1916 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் நிலவுவது. ஆதலால் ஒரு மாக்கரேனும் தருவிக்குமுன் உரிய அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கேட்டு எழுத்து மூலமே அனுமதி பெறவேண்டும். பளிச்சென்ற மஞ்சள், நீலம் போன்ற நிறமுள்ள கருவிகளையே வாங்குதல், அவற்றைப் பையிலிட்டுப் பூட்டியே கொண்டுசெல்லுதல், படையுடை போன்ற ஆடையைத் தவிர்த்தல் என்பன வீண் அச்சத்தைக் குறைக்கும்.

அனுமதி வரும்வரை காத்திருக்கும் மாதங்கள் வீணாக வேண்டியதில்லை. றிச்சி வைற் ஒரு பந்தும் சுடாது வென்றார் அல்லவா? கொடி கவரும் ஆட்டத்தை வெறுங்கையோடு, தொட்டால் நீங்குவது என்னும் விதியோடு, அதே சரிவில் இன்றே தொடங்கலாம். சீழ்க்கை ஒன்றும் துணிக்கொடிகள் சிலவும் போதும். மறைப்புக்கு மறைப்பு ஓடப் பழகிய மாணவர், பின்னர் மாக்கர் ஏந்தும் நாளிற் பந்தை வீணாக்கார்.

பழைய மாணவர் சங்கம் உதவ முன்வருமாயின், பொருள்களைத் தனித்தனி மாணவர்க்கு வழங்காது, வாத்தியக் குழுவின் கருவிகளைப் போலக் கல்லூரிப் பொருளாகவே வைத்தல் வேண்டும். முதற்கண் முகக்காப்புகள், அடுத்து வேகமானி ஒன்று, அதன்பின் ஐவர்க்கு ஐவர் ஆடப் பத்து மாக்கர்களும், பழுது பார்க்கும் வேளைக்கு இரண்டும். உறை வளையங்களை மாற்றவும் எண்ணெயிடவும் மேல்வகுப்பு மாணவர் இருவர் பழகிக்கொண்டாற் பழுதுச் செலவு பெரும்பகுதி குறையும். மலேசியாவின் லங்காவித் தீவில் 2010-களின் தொடக்கத்தில் ஆசியக் கிண்ணப் போட்டிகள் நடந்தன. அத்தகைய களங்களில் விரைவு மாக்கர்களே ஆள்வன. அங்குச் செல்ல விரும்பும் ஒருவன் பிற்காலத்தில் அவற்றைப் பழகட்டும். தொடங்குவோர் போட்டிக்கோ, கையால் இழுக்கும் மாக்கரன்றி வேறு கொண்டுவரலாகாது என்றும், ஆளுக்கு 25 பந்துகளை நடுவரே எண்ணிக் கொடுப்பார் என்றும், இரு கட்சியும் சமநிலையில் முடிந்தால் எஞ்சிய பந்து மிகுதியாக வைத்திருக்கும் கட்சியே வென்றதாகும் என்றும் விதி வகுக்கலாம். எஞ்சிய பந்துகள் அடுத்த ஆட்டத்துக்குப் பெட்டிக்கே திரும்பும்.