போன் இல்லாத பிள்ளையும் பதில் சொல்லலாம்... வகுப்பறையில் ஒரு காகித அட்டை மேஜிக்!

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று ஆசிரியர் கேட்டால், "புரிஞ்சுது சார்!" என்று மொத்த வகுப்பும் கோரஸ் பாடும். யாருக்கு உண்மையிலேயே புரிந்தது, யார் சும்மா தலையாட்டியது என்பது பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியவரும்.

இதைப் பாட நேரத்திலேயே கண்டுபிடிக்க வந்தவைதான் இன்டர்ஆக்டிவ் பிரசன்டேஷன் கருவிகள். பாடத்தின் நடுவே திரையில் ஒரு கேள்வி வரும். மாணவர்கள் தங்கள் போனில் பதிலைத் தட்டுவார்கள். யார் எதைத் தேர்வு செய்தார்கள் என்ற கணக்கு உடனே வந்துவிடும். நார்வேயின் கஹூட், ஸ்வீடனின் மென்டிமீட்டர் இரண்டும் இதில் உலகப் பிரபலம்.

ஆனால், வாலாஜாபாத் போன்ற ஊர்களுக்கு இது அப்படியே பொருந்துமா? ஒரகடம் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போகும் அப்பாவின் சட்டைப் பையில்தான் பல வீடுகளின் ஒரே ஸ்மார்ட்போன் இருக்கும். பிள்ளைகள் போன் கொண்டுவர பள்ளிகளும் அனுமதிப்பதில்லை.

திரைக்குப் பஞ்சமில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூனில் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் வழங்கப்பட்டது. இனி பிள்ளைகள் பதில் சொல்ல ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்!

அட்டையைத் திருப்பினால் பதில்

அந்த வழியைத் தருகிறது பிளிக்கர்ஸ். மாணவர்களுக்குப் போனே தேவையில்லை. ஆளுக்கொரு காகித அட்டை போதும். அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களும் ஏ, பி, சி, டி. எந்தப் பதிலோ, அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால், எல்லாப் பதில்களும் பதிவாகிவிடும்.

ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு. எழுத்துகளும் மிகச் சிறியவை. அதனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து காப்பியடிப்பது கஷ்டம். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற பயமும் இல்லை. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளையும் தைரியமாக பதில் சொல்லும்.

கவனிக்க வேண்டியவை

* அட்டைகளை இலவசமாக டவுன்லோடு செய்து பிரின்ட் எடுக்கலாம்.
* பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது.
* கட்டங்களை விரல் மறைக்கக் கூடாது.
* ஆசிரியரின் போனுக்கு இணைய இணைப்பு தேவை.

பதில் வந்த பிறகுதான் பாடம்

உதாரணமாக, 'பாலாறு எங்கே உற்பத்தியாகிறது?' என்று கேட்கிறார் ஆசிரியர். பாதிப் பேர் ஆந்திரா என்கிறார்கள். மீதிப் பேர் கர்நாடகா. உடனே விடையைச் சொல்லிவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லிப் பேசவிட்டு, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு மேப்பை விரித்து நந்தி மலையைக் காட்டினால், அந்த விடை லேசில் மறக்காது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பிரபலப்படுத்திய முறை இது.

இந்தப் பதில்களுக்கு மார்க் போட்டால் பழைய பயம் திரும்பிவிடும். எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்று தெரிந்து, அதே பீரியடில் இன்னொரு முறை சொல்லித்தருவதற்குத்தான் இந்த அட்டை!