கோடு விழுந்த படம்

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பழைய ஆட்கள் பலருக்கு முதற்படம் பாஸ்போட்டுக்காக எடுத்ததுதான். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. அதன் பிறகு ஹட்டன், நுவரெலியா பக்கத்து ஸ்டூடியோக்களுக்குப் படியேறியவர்கள் கொஞ்சமல்ல. இந்தியாவுக்குப் போகிறவர்களை அழுகையோடு ஏற்றிச் சென்ற ஒப்பாரிக் கோச்சி என்ற ரயிலில் ஏறுமுன் குடும்பமாக நின்று ஒரு படம். அதற்கு மறுபிடிப்பு கிடையாது. பிரிண்டில் ஒரு கோடு விழுந்தால் போனது போனதுதான்.

அதனால் அன்றைய இருட்டறைக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். பளபளப்பது பின்பக்கம், மங்கலாக இருப்பது மருந்துப் பக்கம். பின்பக்கக் கீறல் ஒளியைச் சிதறடித்து பிரிண்டில் வெள்ளைக் கோடாக வரும். மூக்கோரத்து எண்ணெய்ப் பிசுக்கை விரலால் தொட்டு லேசாகத் தடவினால் பள்ளம் நிரம்பி அது மறைந்துவிடும். இந்த வைத்தியத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, பலித்தது. மருந்துப் பக்கம் ஆழக் கீறினால் வெள்ளியே உரிந்துபோகும். பிரிண்டில் கறுப்புக் கோடு. அதை பிரிண்டிலேயே சுரண்டி மறைக்க வேண்டும்.

ரோலின் நீளத்துக்கும் நேர்கோடு ஓடினால் குற்றவாளி கேமராவுக்குள்ளோ ரோல் டப்பாவின் வாயிலோ இருக்கும் மணல் துகள். கோணல்மாணலாக இருந்தால் கழுவிய பின் ஈரத்தோடு துடைத்த கை. ரோலின் ஓர ஓட்டைகளுக்கு நேராக வரிவரியாக வந்தால் படம் கழுவும் மருந்தை வேகமாகக் குலுக்கியிருக்கிறார்கள். குலுக்காமலே விட்டால் வேறு கோளாறு: வேலை முடிந்த மருந்து படத்திலுள்ள வெள்ளைச் சட்டையிலிருந்து வழிந்து, பிரிண்டில் அதன் கீழே கறுப்புச் சாயலாகத் தொங்கும்.

மலைக்கே உரிய சிக்கல் குளிர். மருந்துக்கு வழமையாகச் சொல்லும் சூடு 20 பாகை. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரியோ 16ஐ ஒட்டியது. மருந்தைச் சூடாக்கிவிட்டுப் படத்தைப் பச்சைத்தண்ணீரில் போட்டால், மேற்பூச்சு சுருங்கி வலைபோல வெடிக்கலாம்.

இந்த மலையில் கோடுகளைப் பொருட்படுத்தாத ஒருவரும் இருந்தார். பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் கேமராவைத் தொட்டவர். ஈரக் கண்ணாடித் தகட்டில் மருந்து ஓடிய தடம், விரல் ரேகை, கீறல் எல்லாவற்றோடும் பிரிண்ட் போட்டார். லண்டன் விமர்சகர்கள் கைவேலை போதாது என்றார்கள். 1875இல் இலங்கை வந்து கிராமத்தாரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. அவருக்கு முன்னால் நின்ற தொழிலாளிகளின் பெயர்கள் பெரும்பாலும் பதியப்படவில்லை. அந்தக் குறை எந்தக் கீறலையும்விடப் பெரிது என்பேன்.

இன்று அடையாள அட்டைப் படம் ஸ்டூடியோவிலிருந்து கணினி வழியாகவே ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகிறது. போனில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் லென்ஸைச் சட்டையில் துடைத்தால் சரி. பழைய நெகட்டிவை ஸ்கேன் பண்ணும்போதுதான் பழைய கண் தேவைப்படுகிறது. அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் கலர் படத்துக்கே உதவும். கறுப்பு வெள்ளையில் வெள்ளியே அந்த ஒளியை மறைப்பதால், முழு முகத்தையும் அழுக்கென்று நினைத்துக்கொள்கிறது. லயத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த படத்தைத் தண்ணீரில் கழுவவும் கூடாது. பூஞ்சணம் தின்ற மேற்பூச்சு கரைந்து முகமே போய்விடும்.

இப்போது செயலிகள் நொடியில் கீறலை மூடுகின்றன. சில சமயம் கண்ணையும் மூக்கையும் புதிதாகவே வரைந்து தருகின்றன. திருத்தாத பிரதியையும் பக்கத்தில் வைத்திருங்கள். செயலி போட்டது அப்பாயியின் மூக்குத்திதானா என்று பார்க்க வேறு இடம் கிடையாது.