செவிலியர் தொடர்கல்வியில் செயற்கை நுண்ணறிவு

செவிலியர் தொடர்கல்வியில் செயற்கை நுண்ணறிவு என்பது, பணியிலுள்ள ஒவ்வொரு செவிலியரின் தேவைக்கும் ஏற்பப் பயிற்சியைக் கணினி வழியே அமைத்துத் தரும் முறையாகும்.

ஐக்கிய இராச்சியத்தில் 2016 முதல், பதிவைப் புதுப்பிக்கும் செவிலியர்கள் 3 ஆண்டுகளில் 35 மணிநேரத் தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும். அதில் 20 மணிநேரமாவது பிறருடன் சேர்ந்து கற்றதாக இருத்தல் வேண்டும். மணிக்கணக்கு நிறைவதால் மட்டும் ஒருவரின் குறை நீங்கிவிடாது.

செயல்படும் முறை

1 லிட்டர் உப்புக்கரைசலை 8 மணிநேரத்தில் செலுத்த, மணிக்கு 125 மி.லி. தேவை. 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. ஒருவர் 125 என்பதைச் சரியாகக் கண்டு, சொட்டுக் கணக்கில் மட்டும் தவறினால், மென்பொருள் முழுப்பாடத்தையும் மீண்டும் தராது. மணியை நிமிடமாக மாற்றும் பயிற்சியை மட்டும் தரும். சில வாரங்கள் கழித்து, மறந்துவிட்டாரா என மீண்டும் சோதிக்கும்.

வரம்புகள்

நரம்பில் ஊசி ஏற்றும் கைப்பழக்கத்தையும் நோயாளியைத் தேற்றும் பாங்கையும் திரை வழியே முழுமையாக அளக்க இயலாது. மொழி மாதிரிகள் மருந்தளவைத் தவறாகக் கூறக்கூடும் என்பதால், பாடங்களை வல்லுநர் சரிபார்க்க வேண்டும். பயிற்சியில் செய்த பிழைகள் தண்டனைக்குப் பயன்பட்டால், செவிலியர்கள் தெரியாததை மறைக்கத் தொடங்குவர். அதன் விளைவு நோயாளியைச் சேரும்.